புகார்க் குழுவின் வெளி ஆள்

புகார்க் குழுவில் வெளி உறுப்பினராக இருப்பது, கல்யாணத்தில் இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாதவனாக உட்கார்ந்திருப்பது மாதிரி: காபி முதலில் வரும், பேச்சு கடைசியில்தான் வரும். மாணவிகளிடம் யாராவது தப்பாக நடந்துகொண்டால் விசாரிக்கக் கல்லூரிகளில் இப்படி ஒரு குழு உண்டு. அதில் வெளியாள் ஒருவர் இருக்கவேண்டும் என்பது சட்டம். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்தில் சும்மா கிடந்த என்னைத் திருச்சிக் கல்லூரி ஒன்று பிடித்துப் போட்டது. இதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து நொந்துபோன அன்பர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

சீரோ

குழுவின் அறை, பிரின்சிபால் அறைக்கும் பீஸ் கவுண்டருக்கும் நடுவில். கண்ணாடிக் கதவு. ‘பாலியல் புகார்க் குழு’ என்று ரோட்டிலிருந்தே படிக்கிற மாதிரி சிவப்பு எழுத்தில் போர்டு. பீஸ் கட்ட நிற்கிற வரிசை மொத்தமும் பார்க்க, எந்தப் பெண் அதற்குள் நுழைவாள்? ஒருத்தியும் வரவில்லை. வருஷக் கடைசிக் கூட்டத்தில் பிரின்சிபால் மைசூர்பாகுத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

“இந்த வருஷமும் புகார் சீரோ சார். ஸ்வீட் எடுத்துக்கங்க.”

முதலை

வேலை இல்லாத குழுவில் என்ன செய்வது? கதை விட்டேன். கொள்ளிடத்தில் வெள்ளம். பாலத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். லால்குடி கோர்ட்டில் எனக்கு வாய்தா. கரையில் படுத்திருந்த முதலைமேல் ஏறி உட்கார்ந்து அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன், கறுப்புக் கோட்டின் நுனிகூட நனையவில்லை என்றேன். படித்தவர்கள், காபியை ஆறவிட்டுக் கேட்டார்கள். கெமிஸ்ட்ரி துறைத் தலைவருக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

“ஒரு பக்கமா உக்காந்தீங்களா சார், ரெண்டு பக்கமும் கால் போட்டா?”

டவுன் பஸ்

ஒரு சாயங்காலம் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் செல்வி. வையம்பட்டிக்காரி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம், ஹாஸ்டல். ஸ்ரீரங்கத்தில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. நான் ஏறுவதைப் பார்த்து ஏறியிருக்கிறாள். திருவானைக்காவல் தாண்டுவதற்குள் சொல்லி முடித்தாள். லேப் வாத்தியார் எல்லாரையும் அனுப்பிவிட்டு இவளை மட்டும் நிறுத்திவைக்கிறார், மேலே கை வைக்கிறார், வாயைத் திறந்தால் பிராக்டிகலில் பெயில் என்கிறார். இவள் கேட்டது ஒன்றே ஒன்று: பிராக்டிகல் மார்க்கை வேறு ஆள் போடவேண்டும், டிகிரியை முடிக்கவேண்டும்.

“என்கிட்ட வந்து ஏம்மா சொல்றே?” என்றேன்.

“நீங்க நிறையப் புளுகுவீங்கன்னு கேன்டீன்ல சொன்னாங்க சார். ஆனா சொல்றதைக் காது குடுத்துக் கேப்பீங்கன்னும் சொன்னாங்க.”

அழைப்பு

செல்வியிடம் புகாரை எழுதி வாங்கிக் குழுவில் கொடுத்தேன். குழுத் தலைவி அமலா மேடம், கணக்கு புரொபசர், நேர்மையானவர். ரகசியம் காப்பதில் மகா கண்டிப்பு. எங்கள் செல்போனை எல்லாம் வாங்கி வைத்தார். கண்ணாடிக் கதவுக்குப் பழைய காலண்டரை ஒட்டித் திரை போட்டார். வெளியே ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று எங்களிடம் வாக்கு வாங்கினார். பிறகு அட்டெண்டர் முருகேசனிடம், “செல்வியைக் கூட்டிட்டு வாங்க” என்றார்.

அந்தக் கல்லூரியில் ஒரு பழக்கம். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் அட்டெண்டர் வகுப்பு வாசலில் நின்று, பெயரையும் காரணத்தையும் சேர்த்துச் சத்தமாகச் சொல்வார். முருகேசனும் சொன்னார்: “செல்வி, பாலியல் புகார்க் கமிட்டி கூப்பிடுது.” வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. விஷயம் தெரிந்ததும் மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். முருகேசனுக்கோ தான் என்ன தப்புச் செய்தோம் என்றே புரியவில்லை.

“பீஸ் கட்டாதவங்களையும் இப்படித்தானே மேடம் கூப்பிடறேன்.”

விசாரணை

செல்வி நடுங்காமல் சொன்னாள். லேப் வாத்தியார் தன் இருபது வருஷ சர்வீஸைச் சொன்னார். முதலைமேல் எப்படி உட்கார்ந்தேன் என்று கேட்ட அதே துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “சாட்சி யாரும்மா?” என்றார். பெண் சொல்வது நம்பும்படி இருந்தால் அதுவே போதும், தனிச் சாட்சி வேண்டியதில்லை என்று நான் சட்டத்தைச் சொன்னேன். வாழ்க்கையில் அபூர்வமாக உண்மை பேசினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செல்விதான் பதில் சொன்னாள்.

“யாரும் இல்லாத நேரமாப் பாத்துத்தானே சார் பண்ணாரு.”

டி.சி.

முடிவு எழுதப்பட்டது: போதிய ஆதாரமில்லை, இரு தரப்பும் கவனமாக இருக்கவும். நானும் அமலா மேடமும் ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதிக் கொடுத்தோம். குழுவில் நாங்கள் இரண்டு பேர், துறைத் தலைவர் பக்கம் மூன்று பேர். லேப் வாத்தியார் மறுநாளே அதே லேபில் நின்றார். அதற்குள் வகுப்பில் கேட்ட செய்தி வையம்பட்டிக்குப் போயிருந்தது.

அவள் அப்பா டி.சி. வாங்க வந்தார். வெண்டைக்காய் பறித்துவிட்டு நேரே பஸ் ஏறியவர். சட்டைக் கையில் இன்னும் சுணை ஒட்டியிருந்தது. மேல்முறையீடு இருக்கிறது, வேறு கல்லூரி இருக்கிறது, நான் கூடவே வருகிறேன் என்று கேட் வரைக்கும் மன்றாடினேன். செல்வி என்னைப் பார்க்கவில்லை. லேப் இருக்கும் கட்டடத்தையும் பார்க்கவில்லை. அவள் அப்பாதான் நின்று சொன்னார்.

“எம்பொண்ணு மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியுங்க. ஊர்ல வீடு வீடாப் போய் யாரு சொல்றது?”

இப்போது அங்கே வகுப்பு வாசலில் நின்று காரணம் சொல்லிக் கூப்பிடுவதில்லை, போர்டையும் கழற்றிவிட்டார்கள்; ஆனால் நான் முதலைமேல் ஏறிக் கொள்ளிடம் கடந்ததற்கு மட்டும் இன்றுவரை அந்தக் குழுவில் ஒருத்தரும் சாட்சி கேட்கவில்லை.