பதினெட்டுக் கிலோ

கொட்டகலையில் கம்ப்யூட்டர் வகுப்பில் ஜாவா படித்ததை நினைத்தால் இன்றும் தலை குனிகிறது.

தெரிந்த வேலை ஒன்றை வைத்து, திரும்பத் திரும்ப ஓடி ஓர் இடத்தில் நிற்கும் லூப் எழுதி வரச் சொல்லியிருந்தார் சார். என்னுடையது நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து இருக்கை சுமதி வெளியே போன நேரம் அவளுடைய கொப்பியைப் பார்த்து அப்படியே அடித்துக் காட்டினேன். கிலோ பதினெட்டுக்குக் குறைவாக இருக்கும்வரை தேயிலைக் கொழுந்து எடு, பதினெட்டானதும் நிறுத்து.

"ரெண்டு பேரும் ஒன்னையே எழுதியிருக்கீங்க. யாரு யாரைப் பாத்தது?" என்றார் சார்.

சுமதி தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, வீட்டில் கம்ப்யூட்டரும் இல்லை. அவள்தான் பார்த்து எழுதியிருப்பாள் என்று எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நானும் அவளைத்தான் பார்த்தேன்.

"சரி, ஏன் பதினெட்டு?"

"சும்மா ஒரு நம்பர் சார்" என்றேன்.

சுமதி எழுந்தாள். "எங்க தோட்டத்துல பதினெட்டுக் கிலோ எடுத்தாத்தான் சார் முழுப் பேர் போட்டு முழு நாள் சம்பளம் குடுப்பாங்க. கொறைஞ்சா அன்னைக்கு அரைப் பேருதான். அம்மா அதுவரைக்கும் மலையை விட்டு எறங்க மாட்டாங்க."

சார் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பஜாரில் எங்கள் கடைக்கு வாராவாரம் சுமதியின் அம்மா வருவார். அவருக்குக் கோதுமை மாவு நிறுத்துக் கொடுப்பவள் நான். அவர் எத்தனை கிலோ சுமக்கிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.