முன்னது பின்னாக

அண்ணியை நினைத்தாலே அவர் நின்றுகொண்டு சாப்பிடுவதுதான் கண்ணில் வரும். கையில் தட்டு, பார்வை கம்ப்யூட்டர் திரையில். திருப்பதியில் நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தோம். நான் கணக்கு, அவர் கம்ப்யூட்டர். ஊரே விசாவுக்காக ஏழுமலையானை வேண்டிக்கொண்டிருந்த காலம். அமெரிக்கா போயிருந்த அண்ணன் வாரம் தவறாமல் போனில் கூப்பிடுவார். அண்ணியோ, “அந்த மிஷினு எழுந்துக்கட்டும், வர்றேன்” என்பார்.

மூடிப்போன ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கல்லூரியின் தலையில் கட்டிவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர்கள் அவை. அவற்றின் சிப் வேறு ரகம். கடையில் கிடைக்கும் எந்த சாஃப்ட்வேரும் அதில் ஓடாது. யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்ற சாஃப்ட்வேரை, எவரோ ஒரு காலத்தில் அந்தச் சிப்புக்கு ஏற்ப மாற்றி எழுதி, பிறகு கைவிட்டிருந்தார்கள். “கேக்க நாதியில்லன்னு உட்டுட்டாங்க பாரு” என்று, உறவுக்காரப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல அண்ணி பொருமுவார். கோடை விடுமுறைக்குள் ஓடாவிட்டால் எல்லாம் காயலான் கடைக்குத்தான் என்று பிரின்சிபால் சொன்னதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய மாற்றங்களைப் புது லினக்ஸில் பொருத்துவார். மிஷின் கண் விழிக்கும், டிஸ்க்கைத் தேடும், நின்றுவிடும். திருத்தி எழுதுவார், கரண்ட் போய்விடும். வராந்தாவில் அவர் நடக்கிற நடையைப் பார்த்து எனக்குக் கால் வலிக்கும். எரிச்சலும் வரும். புருஷன் அங்கே காத்துக்கிடக்க, இவர் செத்த பாம்பை அடித்துக்கொண்டிருக்கிறாரே!

ஒருநாள் அண்ணியின் பாஸ்போர்ட் விசாரணைக்கு வீட்டுக்குக் கான்ஸ்டபிள் வந்தார். அண்ணியின் நைனா பெயரைச் சொல்லி, “காரு உன்னாரா?” என்று, அவர் இருக்கிறாரா எனத் தெலுங்கில் கேட்டார்.

“அவரு போய்ச் சேந்து வருஷமாச்சே” என்றாள் அம்மா.

ஆளே இல்லை என்று கான்ஸ்டபிள் எழுதப் போக, அண்ணி தட்டும் கையுமாக ஓடிவந்தார். “சார், சார், அது நான்தான்!” அண்ணி படித்த தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பெயரை, அதாவது குடும்பப் பெயரை, முதலில் எழுதுவார்கள். நாகலாபுரத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டுப்பெயர் ஏது? நைனா பெயரை அந்த இடத்தில் போட்டுவிட்டார்கள். “பேரு ரெண்டுமே சரிதான் சார், முன்னது பின்னதுதான் மாறிப்போச்சி” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். தட்டை என் கையில் திணித்துவிட்டுக் கல்லூரிக்கு ஓடினார்.

ஒரு எண்ணில் பெரிய பகுதியை முதலில் வைக்கிற ரகம் அந்தச் சிப். அது அண்ணிக்குத் தெரிந்ததுதான். ஆனால் டிஸ்க்கைப் படிக்கிற இடத்தில் மட்டும் வரிசை தலைகீழாக இருந்ததை அவர் பார்க்கத் தவறியிருந்தார். அன்று சாயங்காலமே மிஷின் எழுந்துகொண்டது. அண்ணி முதல்முறையாக உட்கார்ந்தார், உட்கார்ந்து அழுதார். இத்தனை நாள் எரிச்சல்பட்ட எனக்கும் அழுகை வந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் போனில் சிரித்தார். “இதுக்கா இத்தினி நாளு? இங்க அதையெல்லாம் குப்பையில போட்டுக்கினு இருக்காங்க.” பக்கத்தில் நின்ற எனக்கே சுருக்கென்றது. அண்ணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“குப்பையிலயா? ஒண்ணையும் உடாதீங்க. மழை படாம உள்ள எடுத்து வெச்சிக்கினு இருங்க, நான் வர்றேன்.”

இன்றைக்கும் அமெரிக்காவில் அண்ணன் வீட்டுக் கார் ஷெட் நிறையப் பழைய கம்ப்யூட்டர்கள்; கார் மழையில்தான் நிற்கிறது.