எங்கள் வீட்டை விட்டுப் போகாத மாதா

மாதா சுரூபம் எங்கள் அன்பியத்தில் எந்த வீட்டிலும் ஒரு நாளைக்கு மேல் தங்கியதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் ஒன்பது நாள் தங்கியது. அப்போது எனக்கு ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் இதையே திரும்பத் திரும்பச் சொல்லி நிறையப் பேரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டேன். அந்தப் பெருமை இன்றைக்கும் எனக்குக் கொஞ்சமும் குறையவில்லை.

மயிலாப்பூரில் கடலுக்குப் பக்கத்தில் உள்ள ஹவுசிங் போர்டு குடியிருப்பு எங்களுடையது. பங்குக் கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடி ஜெபிக்கும் குழுவுக்குத்தான் அன்பியம் என்று பெயர். அக்டோபர் வந்தால் ஜெபமாலை மாதம். சுரூபம் என்று நாங்கள் சொல்லும் மாதா சிலை வரிசைப்படி தினம் ஒரு வீட்டுக்கு வரும். மாலை ஏழு மணிக்கு எல்லாரும் அந்த வீட்டில் தரையில் உட்கார்ந்து, கையில் ஜெபமாலை மணியை உருட்டிக்கொண்டு, ஒரே ஜெபத்தை ஐம்பது தடவைக்கு மேல் சொல்வார்கள். ஒருவர் முதல் பாதியைச் சொன்னால் மற்றவர்கள் மறு பாதியைச் சொல்ல வேண்டும். கடைசியில் கைதட்டி ஒரு பாட்டு, அப்புறம் சுண்டல், டீ. எனக்கு அந்தக் கடைசிப் பகுதியில்தான் பக்தி அதிகம்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் தூக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. காரணம் என் தம்பி. ஒன்றரை வயது. பகலில் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனால் சமர்த்தாகத் தூங்குவான். விளக்கை அணைத்தால் போதும், ஊரைக் கூட்டுவான். புடவையில் தூளி கட்டி ஆட்டினார்கள், ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், கோயில் பாதரிடம் கொண்டுபோய்த் தலையில் கை வைக்கச் சொன்னார்கள். அவர் கை வைத்தபோது மட்டும் சிரித்தான். தோளில் போட்டுக்கொண்டு அம்மா நடப்பாள், அவள் கால் ஓய்ந்தால் அப்பா நடப்பார். நான் பாயில் படுத்தபடி, நம் வீட்டில் பெரியவர்கள் எல்லாம் ராத்திரியில் வாக்கிங் போகிறவர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போவேன்.

அம்மா என் டிபன் பாக்ஸைத் துணி பீரோவில் வைத்துவிட்டு, அடுப்படியில் தேடுவாள். அப்பாவுக்கு தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. வாடிக்கையாளர் நிறம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விரித்த பட்டின் மேல் தலையைச் சாய்த்துவிட்டாராம். தீபாவளி வியாபார நேரம் வேறு, கடை சாத்திவிட்டு வர வெகு நேரமாகும். ஒருநாள் அவர் வெறுத்துப்போய், “நான் கடையிலயே படுத்துக்கிறேன்” என்றார். “போங்க. போறப்ப என்னையும் இட்டுக்கினு போங்க” என்றாள் அம்மா. அதற்கப்புறம் இரண்டு நாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. பேசத் தெம்பில்லை என்பதும் ஒரு காரணம்.

அம்மா ஒரு பள்ளியில் டெம்பரரி டீச்சர். அங்கேதான் பெரிய வினை வந்தது. டிக்டேஷன் கொடுத்துக்கொண்டிருந்தவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அடுத்த வார்த்தைக்காகச் சத்தம் போடாமல் காத்திருந்தார்கள். அந்த வழியாக வந்த ஹெச்.எம். சிஸ்டர், பள்ளியிலேயே இவ்வளவு அமைதியான வகுப்பு எது, டீச்சரைப் பாராட்டலாம் என்றுதான் உள்ளே நுழைந்தாராம். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. மாதக் கடைசியில் இன்ஸ்பெக்‌ஷன், அன்றைக்கு அம்மா பாடம் நடத்துவதைப் பார்த்துத்தான் வேலை நிரந்தரமா இல்லையா என்று முடிவு செய்வார்கள். “அன்னைக்கும் இப்படி இருந்தீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது டீச்சர்” என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். அம்மா இதைத் தலைவி ஆன்ட்டியிடம் சொல்லி அழுததை நான் கேட்டேன். வேலை போனால் அம்மா வீட்டிலேயே இருப்பாள், நல்லதுதானே என்று எனக்குத் தோன்றியது.

தலைவி ஆன்ட்டி என்றால் எங்கள் அன்பியத்தின் தலைவி. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து, மாலையில் எங்களையெல்லாம் முட்டி போடவைப்பார். அவர் குரலுக்கு பாதரே கொஞ்சம் பயப்படுவார் என்பார்கள்.

மாதா எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அம்மா எப்படியோ வீட்டைப் பெருக்கி, சீரியல் லைட் போட்டு, கடலையையும் வேகவைத்துவிட்டாள். தம்பி அவள் மடியில் கத்திக்கொண்டிருந்தான். தலைவி ஆன்ட்டி அதைச் சட்டை செய்யாமல் ஜெபத்தைத் தொடங்கினார். அவர் ஒரு பாதி, பெண்கள் ஒரு பாதி. பாதி ஜெபமாலை உருண்டபோது தம்பியின் கத்தல் முனகலாயிற்று. இன்னும் கொஞ்சம் உருண்டபோது அதுவும் நின்றது. பார்த்தால், தம்பி தூங்குகிறான். அவன் மட்டுமில்லை, பீரோவில் சாய்ந்தபடி அம்மாவும் வாயைத் திறந்து தூங்குகிறாள். வந்தவர்கள் முன்னால் இப்படியா என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஜெபமாலை முடிந்தது. பாட்டுக்குக் கைதட்ட எல்லாரும் கையைத் தூக்கினார்கள். அந்த ஒரு நொடி நிசப்தத்தில் தம்பியின் உதடு பிதுங்கியது. தலைவி ஆன்ட்டி சட்டென்று முதல் மணியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“இன்னாங்கடி முழிக்கிறீங்க? சொல்லுங்க. நிறுத்துனா எயுந்துக்கும்.”

சொன்னார்கள். இரண்டாவது ஜெபமாலை முடிந்து மூன்றாவது ஓடியது. குரல்கள் தணிந்து தணிந்து மின்விசிறிச் சத்தத்தோடு கலந்துவிட்டன. யாரோ ஒருத்தர் போனில் வீட்டுக்காரரிடம், “சோத்த நீயே போட்டுத் துன்னு” என்று கிசுகிசுத்தார். அம்மாவை மெல்லப் படுக்கவைத்து, கழுத்துவரை ஒரு வெள்ளைப் போர்வையைப் போர்த்தினார்கள். சுண்டலை நானே எடுத்துச் சாப்பிட்டேன், யாரும் தடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா வந்தார். எங்கள் ஜனங்கள் வீட்டில் நேரங்கெட்ட நேரத்தில் பெண்கள் சூழ உட்கார்ந்து தணிந்த குரலில் ஜெபமாலை சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நடுவில் வெள்ளைப் போர்வையோடு ஒருவர் படுத்தும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அப்பாவின் கையிலிருந்த பை விழுந்தது. “ஐயோ” என்று அவர் வாயைத் திறப்பதற்குள் தலைவி ஆன்ட்டி பாய்ந்து அந்த வாயைப் பொத்தினார்.

“கத்துனே, கொன்னுடுவேன்! டீச்சர் தூங்கிக்கினு கீது.”

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். அம்மா மூச்சு விடுவதைக் குனிந்து பார்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெண்களோடு சேர்ந்து மறு பாதி ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தார். கோயிலில் ஒரு தடவைகூட வாயைத் திறக்காதவர். அம்மா தூங்கியதற்கு அப்பா எதற்காக அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் பேசாததற்குக் கோயிலில் ஏதாவது தண்டனை இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் மாதா மாடி வீட்டுக்குப் போக வேண்டிய முறை. தலைவி ஆன்ட்டி காலையில் வந்து, இன்ஸ்பெக்‌ஷன் என்றைக்கு என்று அம்மாவிடம் கேட்டார். விரலை மடக்கிப் பார்த்தார். “அப்ப நவநாள் வெச்சிக்கலாம். ஒம்போது நாளும் மாதா இங்கயே. பாதருக்கு நான் சொல்லிக்கிறேன்” என்றார். நவநாள் என்றால் ஒரு வேண்டுதலை மனதில் வைத்து ஒன்பது நாள் விடாமல் ஜெபிப்பது. என்ன வேண்டுதல் என்று கேட்டேன். “அது மாதாவுக்குத் தெரியும், நீ ஸ்கூலுக்குப் போ” என்றார். வீட்டிலேயே பக்தி மிகுந்தவள் நான்தான் என்பதால் மாதா எனக்காகத்தான் தங்குகிறாள் என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து என் நடையே மாறிப்போனது.

மாடி வீட்டு ஆன்ட்டி சும்மா விடுவாரா? விடியற்காலையில் எழுந்து இட்லிக்கடை போடுகிற மனுஷி, மாதாவுக்காகப் புதுத் திரைச்சீலை வாங்கி மாட்டியிருந்தார். மாலையில் படியிறங்கி வந்து, “எனுக்கு மட்டும் இன்னா ஓரவஞ்சனை? கடலைய ஊறப்போட்டுட்டு ஒக்காந்துக்கினு கீறேன்!” என்றார்.

“இங்க எடுத்தாந்து அவி. இன்னிக்கி நீதான் ஜெபம் சொல்லணும்” என்றார் தலைவி ஆன்ட்டி.

அந்தக் கௌரவத்தில் கோபம் பறந்துவிட்டது. அவர் சொல்லத் தொடங்கியதும்தான் தெரிந்தது, இழுத்து இழுத்து மூக்கால் பேசும் அந்தக் குரலுக்கு முன்னால் தம்பி நிற்கவே முடியாது என்று. ஒரு ஜெபமாலை முடிவதற்குள் சுருண்டுவிட்டான். அன்றிலிருந்து அவரே ஆஸ்தான ஜெபக்காரி. மற்றவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு கூட்டம் வீட்டுக்குப் போய் உலை வைக்கும், இன்னொரு கூட்டம் வந்து உட்காரும், ஜெபம் அறுபடாது. அம்மா தம்பியோடு சேர்ந்து தூங்குவாள். நாள் ஆக ஆக ஜெபம் தேவைப்பட்ட நேரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசி நாட்களில் ஜெபம் தொடங்க நான் கைமணியை ஆட்டியதுமே தம்பி கொட்டாவி விட்டுப் பாயைத் தேடினான். குழந்தை டாக்டர்கள் இதை இப்போது ரொட்டீன் என்கிறார்கள். என் மணியடியின் சக்தி என்றே நான் நம்பினேன்.

ஒன்பதாம் நாள் இன்ஸ்பெக்‌ஷன். அம்மா இஸ்திரி போட்ட புடவையில், கண்ணுக்குக் கீழே கருமை இல்லாமல் போனாள். பின்னங்களைச் சொல்லிக்கொடுக்க ஒரு பன்னை எடுத்துப் போய், அதை வெட்டி வெட்டிக் காட்டி, கடைசித் துண்டை இன்ஸ்பெக்டரிடமே நீட்டினாளாம். மாலையில் குடியிருப்பின் வாசலிலேயே, “பெர்மனன்ட்!” என்று கத்தினாள். மாடி ஜன்னல்களெல்லாம் திறந்தன. தலைவி ஆன்ட்டி விசில் அடித்தார். நான் கைமணியை எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறி இறங்கினேன். எங்கள் குடியிருப்பு கிரிக்கெட்டில் ஜெயித்தபோதுகூட அவ்வளவு கூச்சல் எழுந்ததில்லை. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

அன்றைக்கு, “நீங்கள்லாம் உக்காருங்க, இன்னிக்கு நான் சொல்றேன்” என்று அம்மா ஜெபமாலையைக் கையில் எடுத்தாள். அவள் குரல் கணீரென்று இருந்தது. மறு பாதி ஜெபம் முதலில் பலமாக வந்தது, அப்புறம் தேய்ந்தது, அப்புறம் நான் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன். மாடி வீட்டு ஆன்ட்டி சுவரில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தலைவி ஆன்ட்டியின் தலை மார்பில் தொங்கியது. எல்லாருமே உட்கார்ந்தபடி தூங்கியிருந்தார்கள்.

ஜெபமாலை முடிந்தது. அம்மா நிறுத்தவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, முதல் மணியிலிருந்து மறுபடி தொடங்கினாள். “முடிஞ்சிடுச்சும்மா” என்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவள் உதட்டில் விரலை வைத்தாள். மாதா முன்னாலேயே இப்படித் தூங்குகிறார்களே, இந்த அன்பியத்தில் எங்கம்மாவைத் தவிர ஒருத்தருக்கும் பக்தியே கிடையாது என்று அன்று நான் கண்டுபிடித்தேன்.