ஜெறி அண்ணை மேடைக்குத் திரும்பிய நாள்

ஜெறி அண்ணையின் மனைவி வெரேனாவின் அழைப்பு வந்தபோது நான் மருத்துவமனைச் சமையலறையில் மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை வண்டிலில் அடுக்கிக்கொண்டிருந்தேன். என் வேலை நேரத்தில் அவர் அழைப்பதில்லை. கைபேசித் திரையில் பெயரைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. காலையில் கணவர் தேநீர் கேட்டதாகவும், தான் கொண்டுவருவதற்குள் கதிரையில் இருந்தபடியே போய்விட்டதாகவும் நிதானமாகச் சொன்னார். பிறகு, நாடகக்காரர் எல்லோரும் அடக்கத்துக்கு வரவேண்டும், வந்து சத்தமாகக் கதைக்கவேண்டும், அவருக்கு அதுதான் பிடிக்கும் என்றார். ஆகவே இதையும் கொஞ்சம் சத்தமாகவே எழுதுகிறேன்.

ஜெரால்ட் ஆஷ்கொம் என்று சொன்னால் உங்களில் பலருக்கு யாரென்று தெரியாது. ஜெறி அண்ணை என்றால் சுவிஸின் பேர்ண் நகரில் தெரியாத தமிழ் வீடு குறைவு. அந்தப் பெயரை அவருக்கு வைத்தது எங்கள் நாடகக் குழுதான்.

நான் அவரைச் சந்தித்தது பூம்ப்ளிஸ் போகும் ட்ராமில். வேலை முடிந்து வரும்போது வாய்க்குள் வசனம் பாடமாக்குவது என் வழக்கம். அன்று ஓர் அழுகைக் காட்சி. கண் கலங்கி, உதடு துடிக்க, யன்னலைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த பெண் மெதுவாக எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள். எதிரே இருந்த உயரமான வெள்ளைக்காரக் கிழவர் மட்டும் முன்னால் சரிந்து, என்னைவிட மோசமான ஜெர்மனில், "எந்தக் காட்சி? முடிவா, நடுவா?" என்று கேட்டார். நான் திகைத்துப்போய், நடு என்றேன். அப்படியானால் இவ்வளவு அழவேண்டாம், முடிவுக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள் என்றார். தான் இறங்கும் இடம் வந்தும் அவர் இறங்கவில்லை. நேரே என்னோடு எங்கள் ஒத்திகைக்கு வந்துவிட்டார்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு துறைமுக நகரத்தில் மீன் விற்றவரின் மகன் அவர். பதினாறு வயதில் ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பனியில் சேர்ந்து, கிழமைக்கு ஒரு நாடகம் பாடமாக்கி, பிறகு லண்டன் மேடைகளுக்கு வந்தவர். படங்களிலும் தொலைக்காட்சியிலும் நீதிபதி, கர்னல், பொலிஸ் அதிகாரி என்று நடித்திருக்கிறார். இந்த நாட்டில் அவை வேறொருவரின் ஜெர்மன் குரலில் ஓடியதால் முகத்தைத்தான் சனத்துக்குத் தெரியும். ஒருமுறை கடையில் காசாளர் அவரை உற்றுப் பார்த்து, "நீங்கள் அவரைப் போலவே இருக்கிறீர்கள், ஆனால் அவருடைய குரல் இன்னும் நல்லது" என்றாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் நாடகத்தை எழுதி இயக்கியவர் மன்னாரைச் சேர்ந்த அன்ரன் அண்ணை. பல வருடங்களுக்கு முன் மகளைத் தனியாக வெளிநாட்டுக்கு அனுப்பிய ஒரு மீனவர், அவளைப் பார்க்க சூரிச் விமான நிலையத்தில் வந்திறங்கும் கதை. மகள் நான். அசல் வெள்ளைக்காரர் ஒருவர் கிடைத்த சந்தோசத்தில் அன்ரன் அண்ணை அவருக்குக் குடிவரவு அதிகாரி வேடத்தை நீட்டினார். ஜெறி அண்ணை தலையாட்டவில்லை.

"நாற்பது வருடம் நான் மேசைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தேன். ஒருமுறையாவது இந்தப் பக்கம் நிற்கவிடுங்கள்" என்றார். அவர் கேட்டது தகப்பன் வேடம்.

குழுவுக்குள் பெரிய வாக்குவாதம். பாதிப்பேருடைய சொந்தக் கதை அது. 'மகள்' என்ற சொல் அவர் வாயில் 'மகல்' என்றுதான் வந்தது. சனம் சிரிக்கும் என்று அன்ரன் அண்ணை வெளிப்படையாகவே சொன்னார். ஜெறி அண்ணைக்குக் கோபம் வரவில்லை. "முதல் பத்து நிமிடம் சிரிக்கட்டும். அதை நிறுத்துவது என் வேலை" என்றார். அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்களோடு இருந்து, எங்கள் சோற்றைச் சாப்பிட்டு, வாயைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் படித்தார்.

அரங்கேற்றத்துக்கு முந்தின வாரம்தான் எனக்கு அந்த உண்மையைச் சொன்னார். லண்டனில் ஒரு பெரிய நாடகத்தின் நடுவில் அவருக்கு வசனம் மறந்துபோனது. ஓரத்திலிருந்து எடுத்துக்கொடுத்தார்கள். காதில் விழுந்தது, வாய்க்கு வரவில்லை. அப்படியே மேடையை விட்டு நடந்து வெளியேறினார். பிறகு கமராவுக்கு முன்னால் மட்டும் நடித்தார், மேடை ஏறவேயில்லை. வெரேனாவின் ஊரான பேர்ணுக்கு வந்ததும் அதனால்தான். "திரும்பவும் நடந்தால் நான் எங்கே போவது? ஓடுவதற்கு வேறு நாடு இல்லை" என்றார்.

மண்டபம் நிறைந்திருந்தது. இருக்கை கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள். சாரம் கட்டி, சட்டை போட்டு, பையோடு அவர் வந்து நின்றதும் சிரிப்பு எழுந்தது. அவர் அவசரப்படவில்லை. பையைக் கீழே வைத்தார். தூக்கினார். திரும்பவும் வைத்தார், தூக்கினார். எந்தப் பக்கம் போவதென்று தெரியாத ஒரு மனிதன் அங்கே நின்றான். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. பத்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

பிறகு நான் எதிரே வந்தேன். இந்த இடத்தில் தகப்பன் மகளிடம் மன்னிப்புக் கேட்கும் நீண்ட வசனம். அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து அன்ரன் அண்ணை முதற்சொல்லை எடுத்துக்கொடுப்பது எனக்கே கேட்டது. அவருடைய கண்ணில் பயம் ஏறுவதைப் பார்த்தேன். அவருடைய கால் பின்னுக்கு நகர்ந்தது.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கிட்டப் போய் அவருடைய கையிலிருந்த பையை வாங்கினேன். எங்கள் வீடுகளில் வந்தவரிடம் முதலில் கேட்பதைக் கேட்டேன்.

"அப்பா, சாப்பிட்டீங்களோ?"

அது நாடகத்தில் இல்லை. அவர் என்னையே பார்த்தார். பின்னுக்குப் போன கால் முன்னுக்கு வந்தது.

"இல்லைப் பிள்ளை. உன்னோட சாப்பிடுவம் எண்டு இருந்தனான்."

அதுவும் நாடகத்தில் இல்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் அழுதேன், எந்த ஒத்திகையிலும் வராத அழுகை. அவர் என் தலையில் கை வைத்தார். மன்னிப்பு வசனம் முழுவதும் அந்தக் கையில் இருந்தது. அடுத்த காட்சிக்கு அவருடைய வசனங்கள் ஒவ்வொன்றாக வந்துசேர்ந்தன, முடிவுவரை ஒன்றும் தவறவில்லை.

திரை விழுந்ததும் அந்த உயரமான மனிதர் மேடைக்குப் பின்னால் துள்ளிக்கொண்டு நின்றார். அன்ரன் அண்ணையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். மூச்சு வாங்க அவர் கேட்டது ஒன்றுதான்: "இன்னொருக்காப் போடுவமோ?"

"ஓம் அண்ணை, போடுவம்" என்றார் அன்ரன் அண்ணை. நீண்ட மன்னிப்பு வசனத்தை அன்றே பிரதியிலிருந்து வெட்டிவிட்டார். சூரிச்சின் ஓர்லிகோனில் போட்டோம், பாசலில் போட்டோம். அதன்பிறகு எங்களுடைய எல்லா நாடகங்களிலும் ஜெறி அண்ணை இருந்தார். வசனம் மறக்கத்தான் செய்தது. மறந்தால் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார், எங்களில் யாராவது ஒருவர் ஏதாவது கேட்போம், நாடகம் நடக்கும். லண்டனில் கைவிட்ட மேடை தனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று வெரேனாவிடம் சொல்லியிருக்கிறார்.

நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. நாடகம் தொடங்குமுன் திரையின் இடுக்கால் சபையைப் பார்க்க எனக்கு எப்போதும் பயம். ஒரு பனிக்கால மாலை அவர் என் கையைப் பிடித்து இழுத்துப் பார்க்கவைத்தார். ஈரக் கோட்டுகளை உதறிக்கொண்டு, தொப்பியைக் கழற்றியபடி சனம் உள்ளே வந்துகொண்டிருந்தது. "பார் பிள்ளை, வேலை முடிச்சு, இந்தக் குளிருக்குள்ள பஸ் ஏறி வந்திருக்கினம். எங்களைப் பார்க்க" என்றார். குழந்தையின் முகம் போல இருந்தது அவருடைய முகம். அந்தச் சந்தோசத்தைத்தான் வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை புதிய நாடகம். திரைக்குப் பின்னால் நின்று, நீங்கள் ஒவ்வொருவராக வருவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.