லாஞ்சு நிழலில் ஒரு களவா

2009-ஆம் வருடம், ஆகஸ்ட் கடைசி. ஷார்ஜா ரோலாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் நோன்பு கொளுத்துகிற வெயிலில் வந்தது. மதியம் ஒரு மணிக்குக் கடையை மூடினால், நோன்பு திறந்து இரவுத் தொழுகையும் முடிந்த பிறகுதான் திறப்போம்.

எங்கள் ரூமில் ஐந்து கட்டில். நாலு பேர் பெருநாளுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். கடைக்கு ஆள் வேண்டுமென்று என் லீவை மட்டும் தள்ளிவிட்டார்கள். ஏ.சி. சத்தத்தைத் தவிர ரூமில் ஒரு சத்தம் கிடையாது. மனைவி போனில், "மச்சான், நோன்பு தொறக்க கூட யாரு இருக்கா?" என்று கேட்பாள். "பத்துப் பேரு இருக்கோம்ளா" என்று கூசாமல் பொய் சொல்வேன். போனை வைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வரும்.

அந்த மதிய நேரத்தைத் தள்ளுவதற்காகத்தான் தூண்டில் வாங்கினேன். நைலான் நரம்பு, ஈயக்குண்டு, கொஞ்சம் இறால். கடல் ஊருக்குள் புகுந்து வருகிற க்ரீக்கரை நடக்கிற தூரம்தான். இரண்டு நாள் மொட்டை வெயிலில் நின்றேன். ஒரு குஞ்சுமீன்கூட கடிக்கவில்லை.

பக்கத்தில் சரக்கு ஏற்றுகிற ஒரு பழைய மரலாஞ்சு கட்டியிருந்தது. அதில் ஒரே ஒரு ஆள், கிட்டத்தட்ட என் வயதுதான். குஜராத் பக்கத்துக் கடலோடி. கூட்டாளிகள் வேறு லாஞ்சில் போய்விட, சரக்கு வரும்வரை இவர் காவலுக்கு இருந்தார். ஊருக்குள் போக அவரிடம் அனுமதிச் சீட்டும் இல்லை. ஆனால் அதே உச்சி வெயிலில் மனிதர் அநாயாசமாக மீன் பிடித்தார். லாஞ்சுக்கும் கரைச்சுவருக்கும் நடுவே நிழல் விழுகிற இடத்தில் நரம்பை அடிமட்டம் வரை இறக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்.

என்னைப் பார்த்து, "தூப் மே மச்லி நஹி, பாய். இதர் சாவ் மே ஆவ்" என்றார். வெயிலில் மீன் நிற்காது, இங்கே நிழலுக்கு வா என்கிறார். எனக்குச் சுருக்கென்றது. கடற்கரை ஊர்க்காரனுக்கே மீன் பிடிக்கச் சொல்லித் தருகிறாரா! உண்மையைச் சொன்னால், நாங்கள் பரம்பரையாக வியாபாரம் பார்க்கிற குடும்பம். மீனைத் தின்னத் தெரியுமே தவிர, பிடித்தவர் எவரும் கிடையாது. வீம்புக்கு, வெயிலிலேயே நின்றேன்.

மூன்றாம் நாள் நரம்பு வெடுக்கென்று இழுபட்டது. இழுத்தேன். உள்ளங்கையை நரம்பு அறுத்தது. விடுவேனா? அப்போதுதான் வியர்வை நின்றுபோயிருந்ததைக் கவனித்தேன். காது இரண்டும் அடைத்தது. கால் தண்ணீர்ப் பக்கமாகச் சாய்ந்தது வரைக்கும்தான் ஞாபகம்.

கண் விழித்தபோது லாஞ்சின் நிழலில் கிடந்தேன். மேலே நனைந்த சாக்கு. அவர் என் தலையை மடியில் வைத்து, ஒரு தகரக் குவளையை வாயருகே பிடித்திருந்தார். பதினோரு வயதிலிருந்து ஒரு நோன்பையும் விட்டவனில்லை நான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ரோஜா கல் ரக் லேனா, பாய்" என்றார். நோன்பை நாளைக்கு வைத்துக்கொள் என்று. அவர் உதடு வெடித்து வெளுத்திருந்தது. அவரும் நோன்பு! எனக்கு ஊற்றித் தந்த தண்ணீரில் ஒரு சொட்டும் அவர் தொடவில்லை. குடித்தேன். குடித்துவிட்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

நான் சாயும்போது ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்து இழுத்தவர், மறு கையால் நரம்பையும் கரையில் லாஞ்சு கட்டுகிற இரும்புக் கட்டையில் சுற்றிவிட்டிருக்கிறார். அதை இழுத்தார். நல்ல களவா மீன், இரண்டு கிலோ தேறும். என்னிடமே கொடுத்தார். மாலை வரை நிழலில் படுக்க வைத்து, நான் கிளம்பும்போது, "இஃப்தார் இதர் கரோ, மே அகேலா ஹூன்" என்றார். நோன்பு இங்கேயே திற, நான் தனியாகத்தான் இருக்கிறேன் என்று.

தண்ணீர் குடித்துவிட்ட நான், பட்டினியாக இருக்கும் அவரோடு எந்த முகத்தோடு உட்காருவது? வெட்கம் பிடுங்கித் தின்றது. "கல் ஆவுங்கா, பாய்" என்றேன். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரூமுக்கு வந்து, அந்த மீனை ஒற்றை ஆளாகச் சமைத்துத் தின்றேன். உப்பு, புளி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் பாதிக்கு மேல் தின்னவில்லை, மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் போகக் கூசியது. அதற்கடுத்த நாளும் அப்படியே. நோன்பு மாதமே தீர்ந்துவிட்டது. பெருநாள் கழிந்து ஒரு வாரத்தில், விட்ட நோன்பை வைத்தேன். நோன்புக்கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் ஊற்றி, இரண்டு பேருக்குப் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு நோன்பு திறக்கிற பாங்கு சொல்வதற்கு முன்பே க்ரீக்கரைக்கு ஓடினேன். அந்த இடத்தில் வேறொரு லாஞ்சு நின்றது. அதிலிருந்தவர், "ஓ சலா கயா, பாய்" என்று கடலைக் காட்டினார். அவர் போய்விட்டாராம். பாங்கு சொல்கிற சத்தம் கேட்டது. அந்த இரும்புக் கட்டையில் உட்கார்ந்து தனியாக நோன்பு திறந்தேன்.

அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. கூட ஆள் இல்லையே என்று தினம் புலம்பிய அந்த மாதத்தில், என்னைச் சேர்ந்து உட்காரக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். நாளைக்குத் தள்ளி வைக்க அவர் சொன்னது நோன்பை மட்டும்தான், நான் அவரையே நாளைக்கென்று தள்ளி வைத்துவிட்டேன் என்பது இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.