ஹோட்டல் பாடகன் பார்த்த இசைநாடகம்

கொழும்பில் இருந்த காலத்தில் யேசுரட்ணத்தை யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. கல்கிசைக் கடற்கரையில் ஒரு ஹோட்டல் இசைக்குழுவில் அவர் பாடிக்கொண்டிருந்தார். பாடினார் என்பதைவிட, றொக் அண்ட் றோலின் ராஜா என்று பெயர் வாங்கிய அமெரிக்கப் பாடகன் ஒருவனாகவே மேடையில் வாழ்ந்தார் என்பதுதான் சரி. அந்தப் பாடகனின் பெயரால்தான் ஹோட்டல் முழுக்க அவரை அழைத்தது. கிருதா வளர்த்து, கொலரைத் தூக்கிவிட்டு, ஒரு முழங்காலை நடுங்கவிட்டு அவர் மைக்கைப் பிடித்தால் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து ஆடுவார்கள்.

அந்தப் பாடகன் இறந்துவிட்டான் என்று ரேடியோ சொன்ன வாரம், ஹோட்டல் முதலாளி ஒரு அஞ்சலி நிகழ்ச்சி வைத்தார். மண்டபம் கொள்ளாத கூட்டம். யேசுரட்ணம் தொண்டை கட்டும்வரை பாடினார். செத்தவன் எப்படிச் செத்தான் என்று யாரையாவது கேட்கவேண்டும் என்று அவருக்கு அன்று தோன்றவேயில்லை.

தமிழருக்கு எதிரான எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தோடு அந்த வாழ்க்கை முடிந்தது. குழுவில் டிறம்ஸ் அடித்த சிங்கள நண்பன் தன் வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினான். பிறகு மனைவி றோஸுடன் எப்படியோ டென்மார்க் வந்து சேர்ந்தார். எண்பத்தாறில் அவர்களுக்குக் கோப்பன்ஹேகனுக்கு வெளியே இஷொயில் ஒரு மாடிவீடும், அவருக்கு ஹ்விடோவ்ரேயில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலையும் கிடைத்திருந்தன.

இயந்திரங்களின் இரைச்சலில் தன் பாட்டு யாருக்கும் கேட்காது என்று நினைத்துத்தான் அவர் வேலையில் பாடினார். பக்கத்து மேசையில் படுக்கைவிரிப்பு மடிக்கும் பிர்கிற்றுக்குக் கேட்டுவிட்டது. அவை அவள் இளம்பெண்ணாக ஆடிய பாட்டுகள். அவள் சொல்லி, தொழிற்சாலையின் டிசம்பர் மாத நத்தார் விருந்தில் யேசுரட்ணம் பாடுவதென்று எல்லாருமாக முடிவுசெய்தார்கள். அவருக்கும் அது பெரிய சந்தோசம். கண்ணாடிக்கு முன்னால் நின்று முழங்காலைப் பழக்கத் தொடங்கினார்.

நவம்பரில் பிர்கிற் மூன்று ரிக்கெற்றுகளோடு வந்தாள். அந்தப் பாடகனின் வாழ்க்கையைக் கோப்பன்ஹேகனில் இசைநாடகமாகப் போடுகிறார்களாம். றோஸையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

முதல் பாதி முழுக்க யேசுரட்ணம் நாற்காலி நுனியில் இருந்தார். மேடையில் நின்றவன் மெலிந்த டேனிஷ் இளைஞன். குரல் நல்லது, ஆனால் இடுப்பு தாளத்துக்குத் தப்பித் திரும்புகிறது என்று றோஸின் காதில் சொன்னார். தனக்கு அது இன்னும் நன்றாக வரும் என்ற பெருமை அந்தச் சொல்லில் இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு அதே இளைஞன் வயிற்றில் எதையோ கட்டிப் பருத்துப்போய் வந்தான். வியர்த்து வழிந்தது. பாட்டின் நடுவில் வரிகளை மறந்தான். மாத்திரைகளை அள்ளி விழுங்கினான். யேசுரட்ணம் பின்னால் சாய்ந்துவிட்டார். இந்த மனிதனை அவருக்குத் தெரியாது. அவர் பாடியதெல்லாம் அந்தப் பாடகனின் இளமைக்காலப் பாட்டுகள். அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது என்பதே அவர் மனதில் இருந்ததில்லை. ஒரு காட்சியில் பாடகன் ஒப்பனை அறையில் தனியே இருந்து, உடுப்பு எடுத்துத் தரும் வேலைக்காரனிடம் ஏதோ கேட்டான். அரங்கம் அடங்கிப்போயிற்று. யேசுரட்ணத்துக்கு அந்த டேனிஷ் பிடிபடவில்லை.

திரும்பும் ரயிலில், பிர்கிற் தன் ஸ்ரேசனில் இறங்கிய பிறகு, ஒப்பனை அறையில் அவன் என்ன கேட்டான் என்று றோஸிடம் விசாரித்தார். மொழிப் பள்ளியில் அவள்தான் அவரைவிட முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"இண்டைக்கு மேடையிலை பாடினது ஆர், நானோ அவனோ எண்டு கேட்டவன். அவனெண்டது, சனம் பாக்க வாற ஆள்."

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவனுக்கே தெரியேல்லை. நான் அவனைப் பாத்துப் பாடினனான்," என்றார்.

றோஸ் அவருடைய கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "ஹோட்டல் குரலைக் கேட்டு நான் உங்களைக் கட்டினனான் எண்டு நினைச்சியளோ? காலமை சவரம் எடுக்கேக்கை ஒண்டு முணுமுணுப்பியள். அதுதான் எனக்குத் தெரிஞ்ச பாட்டு."

அதன் பிறகு அவர் கண்ணாடிக்கு முன்னால் நிற்கவில்லை. விருந்தில் பாடமாட்டேன் என்று பிர்கிற்றிடம் சொல்லவும் போனார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

விருந்து நாளில் அவர் சாதாரணச் சட்டையோடு எழுந்து நின்றார். எல்லாருக்கும் தெரிந்த காதல் பாட்டு ஒன்றை, காலை அசைக்காமல், தன் தொண்டைக்கு இயல்பான தாழ்ந்த சுருதியில் பாடினார். நடுவில் குரல் ஒருமுறை உடைந்தது. சிலர் கைதட்டினார்கள். சிலர் தட்டுகளில் இருந்த மீனுக்குத் திரும்பிவிட்டார்கள். பிர்கிற் வந்து, அழகாக இருந்தது, ஆனால் கவலையாகவும் இருந்தது, இனி அந்த மற்றதை, ஆடுகிற பாட்டை, பாடமாட்டாயா என்று கேட்டாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் என்ன பிழை செய்தாள்? இருபது வயதில் ஆடிய பாட்டை ஒருமுறை கேட்க ஆசைப்படுகிறாள். கொலரைத் தூக்கிவிட்டார். முழங்கால் தானாகவே நடுங்கியது. மேசைகளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு எல்லாரும் ஆடினார்கள், றோஸும்கூட. பாடி முடித்து மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, கல்கிசையில் ஒருநாளும் இப்படி வேடிக்கையாக இருந்ததில்லை என்று றோஸிடம் சொன்னார். அங்கே அது அவருடைய வேலை. இங்கே விரும்பினால் செய்யலாம், விரும்பாவிட்டால் விடலாம்.

அடுத்த வருடம் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு ஒரு பாடகர் குழு சேர்த்தார்கள். தனிப்பாட்டுக்கு வரும்படி அவரைத்தான் முதலில் கேட்டார்கள். அவர் பின்வரிசையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே பத்துக் குரல்களோடு அவருடையதும் கலந்து போகும். பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் அது தனியாகக் கேட்கும்.