அரியரத்தினம் போட்ட பெயர்

அரியரத்தினம் போன மாதம் செத்துப்போனார். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இப்போது பேஸ்புக்கில் எல்லாரும் அவரை ‘அச்சுலகச் சிங்கம்’ என்று தூக்கிப் பிடிக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அந்த மனுசனின் பேப்பரில் வடையின் எண்ணெயை ஒற்றிய சனம்தான் இது.

சிங்கமாவது மண்ணாங்கட்டியாவது! எண்பத்தேழில் ஊரைவிட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு அகதியாக வந்து, சென்ட் லோரன்டில் ஒரு தையல் தொழிற்சாலையில் பெட்டி தூக்கியவர். பிறகு எங்கேயோ கழித்துவிட்ட ஓர் அச்சு இயந்திரத்தை லவால் வீட்டு பேஸ்மென்டுக்குள் இறக்கி, ‘பனிமுரசு’ என்று எட்டுப் பக்கப் பேப்பர் தொடங்கினார். முன்பக்கத்தில் கோயில் திருவிழா, நடுவில் பலசரக்குக் கடை விளம்பரம், மிச்சமெல்லாம் மரண அறிவித்தல். அந்த அறிவித்தலுக்காகத்தான் நாங்களும் பேப்பரை எடுத்தோம், பொய் சொல்லக்கூடாது. செத்தவர் யாருக்கு மாமன், யாருக்குச் சகலன் என்று தெரியாமல் எங்கள் ஆட்கள் செத்தவீட்டுக்குப் போவார்களா?

மனுசனிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. அச்சடிக்க முன் செத்தவீட்டுக்குப் போன் எடுத்து, மனைவி தொடங்கிப் பேரப்பிள்ளை வரை ஒவ்வொரு பெயராக வாசிப்பார். எட்டு வருடத்துக்கு முன் என் அப்பா ஆனந்தராசா இறந்தபோதும் கர்க்லாண்டில் என் வீட்டுக்குப் போன் வந்தது. அம்மா பக்கத்துக் கதிரையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

“மகள் கஜந்தினியின்ரை பேர் இதில இல்லையே, தம்பி?”

“அது வேண்டாம் அண்ணை.”

“ஏன், செத்துப்போனாவோ?”

“எங்களுக்குச் செத்தவள்தான். நான் தந்ததைப் போடுங்கோ.”

வேறு சாதிப் பெடியனைக் கட்டிக்கொண்டு போன என் கூடப்பிறந்தவள் அவள். அதுவரை பதினொரு வருடம் அவளை வாசற்படி மிதிக்க நான் விடவில்லை. அப்பா செத்ததையும் அவளுக்கு ஒருவரும் சொல்லக்கூடாது என்று கட்டளை போட்டிருந்தேன். அரியரத்தினமும் “சரி” என்றுதான் போனை வைத்தார்.

வியாழக்கிழமை பேப்பர் வந்தது. ‘கஜந்தினியின் பாசமிகு தந்தையும்’ என்று கொட்டை எழுத்தில்! அன்று பின்னேரமே அவள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, அப்பாவைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்துக்கு வந்துவிட்டாள். அத்தனை சனத்துக்கு முன்னால் நான் என்ன செய்ய? அப்பாவின் காலைப் பிடித்து அழுதாள். அம்மா என்னைப் பார்த்தார், எழும்பவில்லை. பத்து நிமிடத்தில் போய்விட்டாள்.

நான் நேரே அரியரத்தினத்திடம் போய்க் கத்தினேன். “நான்தான் போட்டனான். பிழை என்ரை,” என்றார். அவ்வளவுதான்.

விடுவேனா? ஊர்ச் சங்கத் தலைவர் நான். கடை கடையாக ஏறி, “அந்தாளின்ரை பேப்பர் உங்கட வாசலில கிடந்தால் எங்கட சனம் உள்ளுக்கை வராது” என்று சொன்னேன். விளம்பரம் ஒவ்வொன்றாக நின்றது. ஏழு மாதத்தில் பனிமுரசும் நின்றது. அறுபத்துநான்கு வயதில் மனுசன் மறுபடி பெட்டி தூக்கப் போனார். எனக்குச் சந்தோசம். உண்மையாகவே சந்தோசம்.

அவருடைய செத்தவீட்டுக்கு நான் போகிறதாகவே இல்லை. ஒன்றும் கேட்காத அம்மா, “என்னை அங்க கூட்டிக்கொண்டு போ” என்று சீலை உடுத்திக்கொண்டு நின்றார். மண்டபத்தில் அரியரத்தினத்தின் மனைவி புஷ்பராணியின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா குழறினார். அப்பாவுக்குக்கூட அப்படி அழவில்லை.

“நான்தான் போனில கெஞ்சி மகளின்ரை பேரைப் போடுவிச்சனான் பிள்ளை! பேப்பர் போச்சு, தொழில் போச்சு. கடைசிமட்டும் என்னைக் காட்டிக் குடுக்கேல்லையே மனுசன்!”

புஷ்பராணி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அம்மா இறங்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, இனி என்னை எங்கயேனும் கொண்டுபோய் விடப்போறியோ?”